ஆயிரத்துச் சொச்சம் கிலோ: மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கிய முதல் வருடம்

கூரை திறக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரான மாஸ்டா எம்எக்ஸ்-5 வீட்டு வாசலில் வந்து நின்றதும் முதலில் கண்ணில் படுவது, அதில் என்னவெல்லாம் இல்லை என்பதுதான். டேஷ்போர்டில் குளோவ் பாக்ஸ் இல்லை. காகிதங்களை வைக்க இரண்டு சீட்டுக்கும் நடுவில், முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. ஸ்டெப்னி இல்லை. பின்சீட் என்ற பேச்சே இல்லை. டிக்கி சுமார் 130 லிட்டர்தான். இரண்டு கைப்பெட்டி வைத்தால் நிறைந்துவிடும். துணிக்கூரை மாடலில் கூரையைத் திறக்க மோட்டாரும் இல்லை, கையால்தான் தள்ள வேண்டும். "இவ்வளவு காசு கொடுத்து இதுவா?" என்று வீட்டில் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் உண்டு.

ஆனால் அந்த இல்லாமைகளைக் கூட்டினால் வருவதுதான் இந்தக் கார். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் முதல் தலைமுறை வந்தது. இப்போது ஓடுவது 2015-ல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை, 'என்டி' என்று அழைப்பார்கள். முந்தைய தலைமுறையைவிடச் சுமார் 100 கிலோவைக் குறைத்தார்கள். 2 லிட்டர் மேனுவல் கார் ஏறக்குறைய 1,060 கிலோதான். குதிரையும் வீரனும் ஓருடலாக இருப்பதைச் சொல்லும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியத் தொடரை மாஸ்டாக்காரர்கள் இந்தக் காருக்கு அடிக்கடி சொல்வார்கள். விளம்பர வாசகம்தான், ஆனாலும் ஓட்டிப் பார்த்தால் பொய்யென்று சொல்ல முடியாது. திருப்பத்தில் கிடைக்கும் சுகம் எடைக் குறைவிலிருந்து வருகிறது. கூரை, பேட்டரி, டயர், கியர்பாக்ஸ் என்று தொல்லை தரக்கூடியவையும் பெரும்பாலும் அதே எடைக் குறைவிலிருந்துதான் வருகின்றன.

இந்தியாவில் மாஸ்டா கார் விற்பதில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு வாங்கக்கூடியவர்கள் டொராண்டோ, லண்டன், சிட்னி, கோலாலம்பூர் பக்கம் இருப்பவர்கள்தான். குளிர் நாட்டுக்கும் வெயில் நாட்டுக்கும் பராமரிப்பு மாறும். அந்தந்த இடத்தில் பிரித்துச் சொல்லியிருக்கிறது.

முதல் நாள் ஓட்டுவதற்கு முன் சீட்டைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கிளட்சை முழுதாக அழுத்தும்போது இடது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். முதுகைச் சீட்டில் ஒட்டி வைத்துக் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங் மேல் விளிம்பில் விழ வேண்டும். 2019 மாடலிலிருந்துதான் ஸ்டியரிங் முன்னும் பின்னும் நகரும். அதற்கு முந்தைய கார்களில் மேலும் கீழும் மட்டும். ஆறடிக்கு மேல் உயரமானவர்கள் பழைய மாடலை வாங்குவதற்கு முன் கூரையை மூடி உட்கார்ந்து பார்ப்பது அவசியம். திறந்து வைத்து ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கி, மழை வந்த அன்று தலை இடிப்பதைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

ஓட்ட ஆரம்பித்ததும் பலருக்கு முதல் திருப்பத்திலேயே ஒரு சந்தேகம் வரும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கட்டாந்தரை மாதிரி விறைப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்திருப்பார்கள். இதுவோ பக்கவாட்டில் நன்றாகச் சாய்கிறது. ஏதோ கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஸ்பிரிங்கை வேண்டுமென்றே மென்மையாக வைத்திருக்கிறார்கள். கார் சாய்ந்து, ஒரு பக்கமாக உட்கார்ந்து, அதன்பின் அசையாமல் திருப்பத்தை முடிக்கும். அந்தச் சாய்வுதான் டயரின் பிடி எவ்வளவு மீதமிருக்கிறது என்று ஓட்டுபவருக்குச் சொல்லும் தகவல். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் சாய்வும் வெடுக்கென்று வந்து பயமுறுத்தும். நிதானமாகத் திருப்ப ஆரம்பித்து, கார் உட்கார்ந்த பிறகு மிச்சத்தைத் திருப்பிப் பாருங்கள், வேறு கார் மாதிரி இருக்கும். வாங்கிய மறுவாரமே காரைத் தாழ்த்தும் விறைப்பான ஸ்பிரிங் போடுகிறவர்கள் இதைப் பழகிப் பார்க்காமலே காசைக் கொட்டுகிறார்கள் என்பது என் கட்சி. குறைந்தது 3,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு முடிவு செய்யலாம்.

முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 2,310 மில்லிமீட்டர்தான். குட்டையான கார் சீக்கிரம் திரும்பும். பிடி விட்டால் சுழல்வதும் சீக்கிரம்தான். ஈரச் சாலையில் வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால் எடை முன்னால் பாயும், பின்சக்கரம் லேசாகும், பின்பக்கம் வெளியே போகும். முன்சக்கர இழுவைக் காரிலிருந்து இந்தப் பின்சக்கர இழுவைக் காருக்கு மாறுகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம்: திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, உள்ளே நுழைந்த பிறகு ஆக்சிலரேட்டரை லேசாக, ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். டிஎஸ்சி என்ற சறுக்கல் தடுப்பை முதல் சில மாதங்களுக்கு அணைக்கவே வேண்டாம்.

இன்ஜின் விஷயம். ஐரோப்பியக் கணக்கில் ஆரம்பகால 2 லிட்டர் 160 குதிரைத்திறன். 2019 மாடலில் 184 ஆனது, இன்ஜினின் சுழற்சி வரம்பு நிமிடத்துக்கு 6,800-லிருந்து 7,500-க்கு ஏறியது. பழையதா புதியதா என்று தடுமாறுகிறவர்கள் இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் 5,000-க்கு மேல்தான் தெரியும். நகரத்துக்குள் ஓட்டுபவருக்குப் பழையதே தாராளம்.

புதுக் காரை முதல் 1,000 கிலோமீட்டருக்கு எப்படி ஓட்டுவது? மாஸ்டாவின் கையேடு தனிச் சடங்கு எதுவும் தேவையில்லை என்று சொல்லிவிட்டுச் சில எச்சரிக்கைகளை மட்டும் தருகிறது: இன்ஜினை உறுமவிடாதீர்கள், நெடுநேரம் ஒரே வேகத்தில் போகாதீர்கள், முழு ஆக்சிலரேட்டரில் கிளம்பாதீர்கள், தேவையில்லாமல் பிரேக்கை அறையாதீர்கள். இதில் 'ஒரே வேகம்' என்பதைத்தான் ஆட்கள் மறக்கிறார்கள். வாங்கிய அன்றே நெடுஞ்சாலையில் ஏறி, குரூஸ் கன்ட்ரோலில் 110-ல் வைத்து 400 கிலோமீட்டர் போவது புது இன்ஜினுக்கு நல்லதல்ல. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரோடு பழக, அழுத்தம் ஏறி இறங்க வேண்டும். மேடும் பள்ளமுமான கிராமச் சாலை இதற்கு நெடுஞ்சாலையைவிட மேல். புது டயரின் மேல்தோலும் முதல் 150 கிலோமீட்டர் வரை வழுக்கலாகத்தான் இருக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் கொஞ்ச நேரம் வழக்கத்துக்கு மேல் உரக்க ஓடும். பயப்பட வேண்டாம், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் அடங்கும் வரை அரை நிமிடம், ஒரு நிமிடம் நின்றுவிட்டு மெதுவாகக் கிளம்பலாம். நிற்க வைத்தே முழுதாகச் சூடாக்குவது வீண். கியர்பாக்ஸும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் ஓடினால்தான் சூடாகும். வெப்பமானி காட்டுவது கூலன்ட்டின், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின், சூட்டை மட்டும். ஆயில் அதன் பின்னால் பல நிமிடம் தாமதமாகத்தான் வரும். முள் நடுவுக்கு வந்ததும் 7,000-க்கு மிதிப்பது தவறு. முள் நின்ற பிறகு இன்னும் பத்து நிமிடமாவது 4,000-க்குள் ஓட்டுங்கள்.

கியர்தான் இந்தக் காரின் உயிர். ஆறு கியரும் நெருக்கமாக வைத்தவை. ஆறாவது கியர் நேரடி விகிதம், அதாவது 1.000. மற்றக் கார்களில் ஆறாவது என்றால் இன்ஜின் ஓய்வெடுக்கும். இதில் 100 கிலோமீட்டர் வேகத்திலேயே 2,500 சுழற்சி ஓடும். ஏழாவது ஒன்று இருக்கிறதோ என்று கை தேடும். நீண்ட பயணத்தில் சத்தம் கூடுதல்தான், ஆனால் முந்திச் செல்லக் கியரை இறக்கத் தேவையில்லாமல் போவது அதற்கு ஈடு.

குளிர்ந்த காலையில் கவனித்துப் பாருங்கள். ஒன்றிலிருந்து இரண்டாவதுக்கு இழுக்கும்போது லீவர் பாதி வழியில் ஒரு கணம் நிற்கும், ரப்பரில் முட்டியது போல. அழுத்தினால் 'க்ர்ர்' என்று உள்ளங்கையில் ஓர் அதிர்வு வரும். உள்ளே நடப்பது இதுதான்: கியர் விழுவதற்கு முன் சின்க்ரோ வளையம் என்ற பித்தளை வளையம் கியரின் கூம்பில் உரசி, இரண்டின் வேகத்தையும் சமமாக்க வேண்டும். ஆயில் குளிர்ந்து தடித்திருந்தால் வளையத்துக்கும் கூம்புக்கும் நடுவிலுள்ள ஆயில் படலம் உடனே விலகாது. உரசல் பிடிக்காது, வேகம் சமமாகாது, பற்கள் மோதும். அந்த மோதலில் தேய்வது வளையமும் பற்களின் முனையும். ஆறு மாதம் தினமும் காலையில் இப்படி இடித்தால், பிறகு சூடான கியர்பாக்ஸிலும் இரண்டாவது கியர் முனகும்.

செய்ய வேண்டியது எளிது. முதல் நான்கைந்து கிலோமீட்டர் வரை இரண்டாவதுக்குப் போகும்போது நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, இன்ஜின் சுழற்சி விழ விட்டு, பின் இரண்டு விரலால் தள்ளும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். லீவர் தானே உள்ளே நழுவும். இறக்கும்போது நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்து இறக்கலாம். இது பழைய லாரி ஓட்டுநர்களின் இரட்டைக் கிளட்ச்தான். ஆக்சிலரேட்டர் மிதி தரையில் கீலிட்டு நிற்பதால் பிரேக்கிலிருந்து பாதத்தின் ஓரத்தைச் சாய்த்து அதைத் தட்டுவதும் எளிது.

இந்த கியர்பாக்ஸும் எடை குறைக்கப்பட்டதே. 2016 முதல் 2018 வரையிலான கார்கள் சிலவற்றில் உள்ளே பற்சக்கரம் சேதமான புகார்கள் வந்தன. பிறகு பாகங்களைப் படிப்படியாக மாற்றியமைத்தார்கள். பழைய கார் வாங்கப் போகிறவர் கியர்பாக்ஸ் மாற்றப்பட்டதா என்று சர்வீஸ் ரசீதில் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது நன்றாகச் சூடான பிறகு இரண்டாவதிலும் மூன்றாவதிலும் 2,000 சுழற்சியிலிருந்து ஆக்சிலரேட்டரை அழுத்தி, முழுதாக விட்டு, மறுபடி அழுத்துங்கள். அழுத்தும்போதோ விடும்போதோ 'டிக் டிக்' என்று சக்கரச் சுற்றுக்கு ஏற்ப ஓர் ஒலி வந்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள், விலை எவ்வளவு குறைவானாலும்.

புதுக் காரிலும் கியர்பாக்ஸை உடைக்கும் பழக்கங்கள் உண்டு. 5,000-ல் வைத்துக் கிளட்சைப் படாரென்று விட்டுக் கிளம்புவது. சும்மா ஓட்டும்போது கையை லீவர் மேலேயே வைத்திருப்பது. அந்தச் சுமை உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கைத் தேய்க்கும். எல்லாவற்றையும்விட மோசம், மூன்றிலிருந்து நான்குக்குப் போக நினைத்து இரண்டில் போட்டுவிடுவது. கணக்குப் பாருங்கள்: புதிய மாடலில் இரண்டாவது கியர் 7,500 சுழற்சியில் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வேகம். 130-ல் போகும்போது தவறி இரண்டில் விழுந்தால் இன்ஜின் 9,700-க்கு இழுக்கப்படும். கம்ப்யூட்டரின் வரம்பு பெட்ரோலைத்தான் நிறுத்தும். சக்கரம் இன்ஜினைச் சுழற்றுவதைத் தடுக்காது. வால்வு பிஸ்டனில் இடித்தால் முடிந்தது கதை. மூன்றிலிருந்து நான்குக்கு லீவரை இறுகப் பிடிக்காமல், விரித்த உள்ளங்கையால் நேரே பின்னால் இழுங்கள். உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் அதை நடுக்கோட்டிலேயே வைத்திருக்கும். இறுகப் பிடித்து உடம்புப் பக்கமோ கதவுப் பக்கமோ இழுப்பதால்தான் தவறு நடக்கிறது.

டயர் காற்று அடுத்தது. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவு நான்கு சக்கரத்துக்கும் 29 பிஎஸ்ஐ, அதாவது 200 கிலோபாஸ்கல். மற்றக் கார்களுக்குப் பழகிய கண்ணுக்கு இது குறைவாகத் தோன்றும். டயர் கடைக்காரரும் கைப்பழக்கத்தில் 35 ஏற்றிவிடுவார். ஷோரூமிலிருந்து வரும் காரிலேயே கப்பலில் அனுப்புவதற்காக ஏற்றிய கூடுதல் காற்று அப்படியே இருப்பதுண்டு. 1,600 கிலோ காரில் ஆறு பிஎஸ்ஐ கூடினால் கொஞ்சம் குதிக்கும். இந்த எடைக்கு அது டயரின் நடுப்பகுதியை மட்டும் தரையில் வைத்துவிடும். ஈரத்தில் வழுக்கும், குண்டுகுழியில் பல் கிட்டும். "கார் சரியில்லை, தூக்கிப் போடுகிறது" என்று சொல்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது காற்று எவ்வளவு என்றுதான். குளிர்ந்த டயரில், காலையில், சொந்த அளவியால் பாருங்கள். வெப்பம் 5, 6 டிகிரி குறைந்தால் ஒரு பிஎஸ்ஐ குறையும் என்பதால் பருவம் மாறும்போது மறுபடி பார்க்க வேண்டும்.

சக்கரத்துக்கு நான்கே நட்டுகள். இறுக்க வேண்டிய அளவு 108 முதல் 147 நியூட்டன் மீட்டர். 120-ல் வைத்தால் போதும். காற்றுத் துப்பாக்கியால் இறுக்க விடாதீர்கள், ஸ்டட்டின் மரை போகும். கையால் நான்கையும் மாட்டி, எதிரெதிராக இறுக்கி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சால் முடித்து, 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு தடவை சரிபார்க்க வேண்டும். காரைத் தூக்கும்போது ஜாக்கியைப் பக்க விளிம்பில் குறியிட்ட இடத்தில் மட்டும், வெட்டு உள்ள ரப்பர் கட்டையோடு வையுங்கள். வெறும் இரும்பு ஜாக்கியின் தலை அந்தத் தகட்டு மடிப்பைக் கரும்பு மாதிரி நசுக்கிவிடும். பெயின்ட் விரிந்த இடத்தில் துரு ஏறும்.

ஸ்டெப்னிக்குப் பதில் டிக்கியில் ஒரு பசைப்புட்டியும் சிறு காற்றுப் பம்பும் இருக்கும். ஆணி குத்திய ஓட்டைக்கு அது போதும். டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் எதற்கும் உதவாது, இழுவை வண்டிதான். புட்டியில் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பார்கள். பழைய கார் வாங்கியவர்கள் இன்றே போய்ப் பாருங்கள், பாதிப் பேரிடம் காலாவதியாகியிருக்கும்.

இனி கூரை. முன் கண்ணாடியின் நடுவில் உள்ள பிடியை விடுவித்து, ஒரு கையால் பின்னால் தள்ளி, 'டக்' என்று பூட்டும் வரை கீழே அழுத்தினால் முடிந்தது. சிக்னலில் நிற்கும்போதே செய்துவிடலாம். ஆனால் மூன்று விஷயம். நனைந்த துணியை மடிக்கக் கூடாது. ஒரே இரவில் பூசண வாடை வரும், மடிப்பில் கறை நிற்கும். 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் மடிக்க வேண்டாம், துணியின் உட்பூச்சு விறைத்து வெடிக்கும். பறக்கக்கூடிய காகிதம், தொப்பி எதையும் சீட்டுக்குப் பின்னால் வைக்காதீர்கள். மடியும் கூரைக்குள் சிக்கினால் துணி கிழியும்.

தானியங்கிக் கார் வாஷுக்குள் போகவே போகாதீர்கள். கூரையை மென்மையான பிரஷ்ஷும் மிதமான சோப்புத் தண்ணீரும் கொண்டு, நெசவின் போக்கில் தேய்த்து, நிழலில் முழுக்கக் காயவிட வேண்டும். பிறகு துணிக்கூரைக்கென்றே விற்கும் நீர்விலக்கியை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை தெளிக்கலாம். தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடினால் பூச்சு இருக்கிறது. நிறம் கருத்து ஊறினால் தீர்ந்துவிட்டது. காரின் உடம்புக்குப் போடும் மெழுகைத் துணியில் தடவக் கூடாது. கதவு ஓர ரப்பர்களுக்கு சிலிகான் கிரீஸை விரலால் மெல்லிசாகத் தடவினால் 'கீச் கீச்' சத்தமும் நிற்கும், பனிக்காலத்தில் கண்ணாடி ஒட்டிக்கொள்வதும் நிற்கும்.

இந்தக் காரில் மிக அமைதியாக நடக்கும் கேடு வடிகால் அடைப்பு. கூரையின் மேல் விழும் மழைநீரில் ஒரு பங்கு, கூரை மடியும் இடத்தில் இரண்டு ஓரங்களிலும் உள்ள பள்ளத்தில் சேர்ந்து, குழாய் வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் வெளியேறும். மரத்தடியில் நிற்கும் காரில் இலைத்துகளும் மகரந்தமும் மண்ணும் சேர்ந்து அந்தக் குழாயின் வாயில் சேறாக உட்கார்ந்துவிடும். அதன்பின் மழைநீர் குழாயை விட்டு உள்ளே வழியும். சீட்டுக்குப் பின்னால், கார்ப்பெட்டுக்கு அடியிலிருக்கும் பஞ்சு அதைக் குடித்துக்கொள்ளும். மேலே கை வைத்தால் ஈரம் தெரியாது. கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிவதும், ஈரத்துணி வாடையும்தான் முதல் அறிகுறி. கண்டுபிடிக்கும்போது கீழே வயர் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கும்.

சோதிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். கூரையைப் பாதி மடித்து, சீட்டுக்குப் பின்னால் ஓரத்திலுள்ள பள்ளத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அதில் டம்ளரைச் சாய்த்து மெதுவாக, கால்வாசி கால்வாசியாக ஊற்றி, இன்னொருவரைப் பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சில வினாடிகளில் கீழே சளசளவென்று கொட்ட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தாலோ, பள்ளத்தில் தண்ணீர் மட்டம் ஏறினாலோ ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். அங்கே உள்ள சிறு வலை வடிகட்டியை எடுத்துக் கழுவி, குழாயின் வாயிலிருக்கும் சேற்றை விரலாலும் வேக்குவத்தாலும் எடுத்து, மறுபடி சோதிக்கலாம். கம்பியை உள்ளே விட்டுக் குத்துவதும், கம்ப்ரெசர் காற்றை அடிப்பதும் வேண்டாம். கீழே குழாய் கழன்றால் பிறகு ஊற்றும் தண்ணீரெல்லாம் காரின் உடம்புக்குள்தான் போகும். வருடத்துக்கு இரண்டு முறை, இலையுதிர் காலத்துக்குப் பின் ஒரு முறை கட்டாயம்.

பானெட்டும் டிக்கி மூடியும் முன் மட்கார்டுகளும் அலுமினியம். பானெட்டை மூடும்போது நடுவில் உள்ளங்கையால் அழுத்தினால் குழி விழும். முன்விளிம்பில் பூட்டுக்கு மேலே அழுத்துங்கள். தாழ்ந்த மூக்கு என்பதால் முன்னால் போகும் லாரி தெறிக்கும் கல் அத்தனையும் இங்கேதான். சோல் ரெட் நிறம் எடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியது: அதன் ஆழம் அலுமினியத் துகள் அடுக்கின் மேல் ஊடுருவிப் பார்க்கக்கூடிய சிவப்பு அடுக்கைப் பூசுவதால் வருவது. அதனால் ஒட்டுப் போட்ட பெயின்ட் பக்கத்துப் பலகையோடு லேசில் பொருந்தாது. காசு இருந்தால் முன்பக்கத்துக்கு மட்டும் பாதுகாப்புப் படலம் ஒட்டிவிடுங்கள், முழு காருக்கும் வேண்டாம். டச்-அப் பெயின்ட் வாங்கும்போது பழைய சோல் ரெட் 41வி, புதிய சோல் ரெட் கிரிஸ்டல் 46வி, இரண்டும் வேறு.

பிரேக்கைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை, எடை குறைவு என்பதால் நீண்ட நாள் உழைக்கும். கழுவிய மறுநாள் டிஸ்க்கில் தெரியும் செந்துரு இரண்டு மூன்று பிரேக்கில் போய்விடும். மலையிறங்கிச் சூடேறிய பிரேக்கோடு சிக்னலில் நின்றால் மிதியை அழுத்தியே வைத்திருக்காதீர்கள். பேடின் பொருள் டிஸ்க்கில் ஒரே இடத்தில் படிந்து, பிறகு ஸ்டியரிங் நடுங்கும். கிளட்சும் பிரேக்கும் ஒரே தொட்டியிலிருந்துதான் ஆயில் எடுக்கின்றன. எனவே தொட்டியில் மட்டம் குறைந்தால் பேட் தேய்ந்ததா, கிளட்ச் பக்கம் கசிவா என்று இரண்டையும் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்றம்: டாட் 4 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி, ஈரம் குடித்த பின் 155 வரை இறங்கலாம். டிராக்கில் ஓட்டுபவர் வருடா வருடம் மாற்றுவது நல்லது.

இன்ஜின் ஆயில் 0டபிள்யூ-20. 2 லிட்டர் இன்ஜினுக்கு ஃபில்டரோடு 4.3 லிட்டர். முதலில் 4 லிட்டர் ஊற்றி, ஒரு நிமிடம் ஓட்டி அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் மட்டம் காட்டும் குச்சியைப் பார்த்து மிச்சத்தைச் சேருங்கள். சர்வீஸ் புத்தகம் நாட்டுக்கு நாடு வேறுபடும். குறுகிய தூரம் மட்டும் ஓடும் காருக்கு 8,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முந்தியோ அது. காரணம், நேரடி எரிபொருள் தெளிப்பு இன்ஜினில் சூடேறாத ஓட்டத்தின்போது பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் கலக்கும். கூலன்ட் எஃப்எல்22, கடையில் கிடைக்கும் வேறு எதையும் அதோடு கலக்க வேண்டாம்.

கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயிலைச் சொந்தமாக மாற்றுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. முதலில் மேலே நிரப்பும் பிளக்கைக் கழற்றுங்கள், பிறகு கீழே வடிக்கும் பிளக்கை. மேல் பிளக் துரு பிடித்துக் கழலாமல் போனால், கீழே வடித்துவிட்ட காரை ஒரு அடி நகர்த்த முடியாது. பிளக்கின் காந்தத்தில் சாம்பல் பசை மாதிரி ஒட்டியிருப்பது இயல்பு. ஊசி ஊசியாகவோ சில்லாகவோ இருந்தால் படம் எடுத்து மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

மலேசியா, சிங்கப்பூர் போன்ற இடங்களில் கூரை திறந்து நிறுத்திய காரில் மதிய வெயிலில் தோல் சீட்டில் உட்கார முடியாது, சீட்டும் சீக்கிரம் வெடிக்கும். ஓட்டும்போது காற்று அடிப்பதால் வெயில் உறைக்காது. இறங்கியபின்தான் காதும் பிடரியும் எரியும். தொப்பியும் சன்ஸ்கிரீனும் காரிலேயே இருக்கட்டும். மாலை ஆறு மணிக்கு மேல்தான் அங்கே இந்தக் காருக்கு நேரம்.

குளிர் நாட்டில் கேள்வி வேறு: குளிர்காலத்திலும் ஓட்டுவதா, மூடி வைப்பதா. கோடை டயர் 7 டிகிரிக்குக் கீழே கல்லாகும், ஆகவே ஓட்டுவதானால் குளிர்கால டயர் தனியாக வேண்டும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது சட்டப்படியே கட்டாயம். நல்ல டயர் போட்டால் பனியில் நன்றாகவே போகும். கெடுப்பது சாலையில் கொட்டும் உப்பு. அடிப்பகுதிக்குத் துரு தடுப்பு எண்ணெய் அடித்து, வாரம் ஒரு தடவை அடியை நல்ல தண்ணீரால் கழுவ முடிந்தவர்கள் ஓட்டலாம். முடியாதவர்கள் மூடி வைப்பதே மேல்.

மூடி வைப்பதென்றால் முதல் உப்பு விழுவதற்கு முன் கழுவித் துடைத்து, புது ஆயில் ஊற்றி, பெட்ரோலைக் கழுத்து வரை நிரப்பி, எரிபொருள் பாதுகாப்புத் திரவம் சேர்த்துப் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வந்து நிறுத்துங்கள். அந்த ஓட்டம் திரவத்தை இன்ஜெக்டர் வரை கொண்டுபோகவும், கழுவிய தண்ணீரை பிரேக்கிலிருந்து உலர்த்தவும். கூரை மூடியே இருக்க வேண்டும். மடித்து நான்கு மாதம் வைத்தால் மடிப்பு நிலைத்துவிடும். ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டுக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். இல்லாவிட்டால் பேட் டிஸ்க்கோடு ஒட்டும். பேட்டரி சிறியது, கார் தூங்கும்போதும் கம்ப்யூட்டர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். பராமரிப்புச் சார்ஜர் மாட்டினால் பிரச்சினை இல்லை. மாட்ட வசதி இல்லாதவர்கள் மைனஸ் முனையைக் கழற்றலாம். 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி காலி. டயர் காற்றை மட்டும் 40 வரை ஏற்றி வைத்து, வெளியே எடுக்கும் அன்று மறக்காமல் 29-க்கு இறக்குங்கள். இடையில் வாரா வாரம் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். புகைக்குழாய்க்குள் நீர் தங்கவும் ஆயிலில் பெட்ரோல் சேரவும்தான் அது உதவும்.

ஏப்ரலில் வெளியே எடுக்கும்போது எலி ஏதும் ஏர்ஃபில்டர் பெட்டியில் குடியேறியிருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டே ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் தெருவில் பிரேக் கரகரக்கும். வேகமெடுக்காமல் பத்துப் பன்னிரண்டு தடவை மிதமாகப் பிரேக் போட்டால் துரு உதிர்ந்து அடங்கும். அதற்குப் பிறகும் ஒரே ஒரு சக்கரத்திலிருந்து சத்தம் வந்தால், அல்லது ஓட்டி நிறுத்தியதும் அந்தச் சக்கரம் மட்டும் சுட்டால், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் நகர்வதற்கான ஊசி (பின்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றிச் சுத்தம் செய்து பிரேக்குக்கான கிரீஸ் தடவுவது ஒரு மணி நேர வேலை. விட்டுவிட்டால் ஒரு மாதத்தில் டிஸ்க்கும் பேடும் சேர்த்து வாங்க வேண்டிவரும்.